ஆமை போட்ட கணக்கு

கணக்கு வீடு என்று சொன்னால் போதும், தபால்காரர் கதவு எண் கேட்கமாட்டார். தாத்தா கணக்கு வாத்தியார். அப்பா கணக்கு வாத்தியாராக இருந்து தலைமையாசிரியர் ஆனவர். ஓய்வு பெற்று இருபத்தைந்து வருஷம் கழித்தும் தெருவுக்கு அவர் 'பெரிய சார்'தான். மகள், அவர் வேலை பார்த்த அதே தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். மூன்றாம் வகுப்பில் எல்லாப் பாடத்தையும் ஒருவரே எடுத்தாக வேண்டும். இருந்தாலும் அவருக்கு அமைந்த பெயர் 'கணக்கு டீச்சர்'. முப்பத்தோரு வருஷத்தில் கரும்பலகையில் அவர் போட்ட கணக்கு ஒன்றுகூடத் தப்பியதில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. அந்த வீட்டில் அது பல் துலக்குவதைப் போல. செய்யாமல் வெளியே கிளம்ப முடியாத காரியம்.

அப்படிப்பட்ட மனுஷியின் வகுப்புக்குத்தான் ஒரு திங்கட்கிழமை டேப் என்கிற தொடுதிரைக் கணினி வந்து சேர்ந்தது.

வகுப்புக்கு ஒன்றாகச் சக்கரம் வைத்த இரும்பு அலமாரிகள். ஒவ்வொன்றிலும் முப்பது டேப்புகள், நூலகத்துப் புத்தகங்களைப் போல நிமிர்ந்து நின்றன. ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு கறுப்பு ஒயர். சாவி வகுப்பு டீச்சரிடம். பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் இளம் அதிகாரி வந்து இரண்டு மணி நேரம் பயிற்சி கொடுத்தார். நிற்காத ரயில் மாதிரி பேசினார். கடைசியில், "ஏதாவது சந்தேகம் இருந்தா கேளுங்க" என்றார்.

ஒருவரும் கேட்கவில்லை. முதலில் கையைத் தூக்குகிறவருக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை என்று ஆகிவிடும் அல்லவா? தலைமையாசிரியை உட்பட அத்தனை பேரும் எல்லாம் புரிந்தவர்களாகத் தலையாட்டினார்கள். அதிகாரி மனம் குளிர்ந்து போய்விட்டார்.

சின்னப் பிள்ளைகளுக்குக் கடவுச்சொல் எல்லாம் ஆகாது என்று ஆளுக்கு ஒரு படம் கொடுத்திருந்தார்கள். ஒருத்தனுக்குக் குடை, ஒருத்திக்குப் பட்டம், ஒருவனுக்கு மத்தளம். தன் படத்தைத் தொட்டால் தன் பக்கம் திறக்கும். நாளுக்குப் பத்துக் கணக்கு. கீழே எண்கள் வரிசையாக நிற்கும். சரியான எண்ணை விரலால் இழுத்துக் கட்டத்தில் விட வேண்டும். சரி என்றால் பச்சை, தப்பு என்றால் சிவப்பு.

பிள்ளைகளுக்குக் கால் மணி நேரத்தில் பிடிபட்டுவிட்டது. பிடிபடாதது டீச்சரின் விரலுக்குத்தான். முப்பத்தோரு வருஷச் சாக்பீஸ் அந்த விரல் நுனியை உலர்த்தி மரத்துப்போக வைத்திருந்தது. டேப்பின் கண்ணாடிக்கு அது விரலாகவே படவில்லை. ஏழு என்ற எண்ணை இழுப்பார். அது பாதி வழி வரும். பிறகு கையை உதறிக்கொண்டு ஓடும் குழந்தையைப் போலப் பக்கத்துக் கட்டத்தில் போய் விழும். சிவப்பு.

"டீச்சர், அப்படிக் குத்தக் கூடாது. தடவணும்" என்றது முன் பெஞ்சு.

"கன்னத்தத் தடவுற மாதிரி டீச்சர்" என்றது இரண்டாம் பெஞ்சு.

வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்தார். ஆனால் காது இரண்டும் சுட்டன.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்: பள்ளிக்கூடம் விட்ட பிறகு, யாரும் இல்லாதபோது பழகிக்கொள்வது. அதில் ஒரு சிக்கல் இருந்தது. டீச்சருக்கென்று கொடுத்த டேப்பில் பட்டியல்களும் கோடுகளும்தான் வந்தன. பிள்ளைகள் பார்க்கும் பக்கம் வேண்டுமானால் ஒரு பிள்ளையின் படத்தைத் தொட்டே ஆக வேண்டும். வகுப்புக்கு வருகிற பிள்ளையின் படத்தைத் தொட்டால் அவனுடைய நாளைய பாடம் கலைந்துபோகும். யோசித்துப் பார்த்ததில் வருகைப் பதிவின் பதினேழாம் எண் நினைவுக்கு வந்தாள். டேப் வந்த முதல் இரண்டு நாளும் எல்லாரையும் போல அவளும் அதில் வண்ணம்தான் தீட்டினாள். மூன்றாம் நாள் கணக்கு ஆரம்பிப்பதற்குள் பொன்னுக்கு வீங்கி வந்து, தாடை உப்பி, மூன்று வாரம் வீட்டில் படுத்துவிட்டாள். அவளுடைய படம் ஆமை. அது சும்மாதானே கிடக்கிறது?

இங்கேதான் டீச்சர் ஒரு தப்பு செய்தார். வாழ்நாளெல்லாம் கரும்பலகையோடு பழகியவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. பலகையில் எதை எழுதினாலும் துடைத்துவிட்டால் போயிற்று. அடுத்த வகுப்புக்கு வருகிறவருக்கு ஒரு சுவடும் தெரியாது. டேப்பையும் அணைத்துவிட்டால் அவ்வளவுதான் என்று அவர் நினைத்தார். நினைக்கக்கூட இல்லை, அப்படித்தான் இருக்கும் என்று விரலே தீர்மானித்துவிட்டது.

பதினான்கு நாள், நாளுக்குப் பத்து. சாயங்காலம் நாலு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு, ஈரப் பஞ்சில் விரலைத் தொட்டுத் தொட்டு, ஆமையைத் தொட்டுத் திறந்து இழுத்தார், தள்ளினார், திட்டினார். சிவப்பு, சிவப்பு, பச்சை, சிவப்பு. பதினோராம் நாளுக்கு மேல்தான் விரல் கொஞ்சம் சொன்ன பேச்சைக் கேட்டது.

இரண்டாம் வகுப்பு டீச்சர் அவருக்கு நாத்தனார், கணவரின் தங்கை. அடுத்த வீடு. இரண்டு பேரும் சேர்ந்தே பள்ளிக்கு வந்து சேர்ந்தே திரும்புவார்கள். கணவர் வெளியூருக்குச் சரக்கு லாரி ஓட்டுகிறவர். வாரத்தில் ஐந்து நாள் வீட்டில் இருக்கமாட்டார். அதனால் டீச்சரைக் கேள்வி கேட்கும் பொறுப்பை நாத்தனாரே எடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணி, தினமும் அஞ்சு மணி ஆகுது. அலமாரியோட குடும்பம் நடத்துறீங்களா?"

"நோட்டு திருத்தறேன்."

"டேப் வந்த அப்புறம் ஏது நோட்டு?"

"சரி, நீ மட்டும் இவ்ளோ நேரம் உள்ள என்ன பண்ணின?"

"ஜன்னல் சாத்திட்டு இருந்தேன்."

"ஒரு மணி நேரமா?"

"நிறைய ஜன்னல் அண்ணி" என்று சொல்லிவிட்டு நாத்தனார் வேகமாக நடந்தாள்.

மூன்று வாரம் முடிந்த புதன்கிழமை, மதிய இடைவேளையில் தலைமையாசிரியை ஆசிரியர்களைக் கூப்பிட்டார். கையில் கல்வி அலுவலகத்திலிருந்து வந்த ஒரு தாள். பிள்ளைகள் டேப்பில் போட்ட கணக்கையெல்லாம் இயந்திரம் அங்கே அனுப்பியிருந்தது. அங்கே அதைத் தரம் பிரித்து, மிகவும் பின்தங்கியவர்கள் என்று ஏழு பேரை எடுத்திருந்தார்கள். அந்த ஏழு பேரும் அடுத்த திங்கள் முதல் நகரத்தின் மறுகோடியில் உள்ள சிறப்புப் பள்ளிக்கு மாற்றப்பட வேண்டும். பெற்றோர் வெள்ளிக்கிழமை வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

"மூன்றாம் வகுப்பு, எண் பதினேழு" என்று அவர் படித்தார். "நூற்று நாற்பது கணக்கில் நூற்றுப் பன்னிரண்டு தப்பு. மிக மெதுவாக விடையளிக்கிறார். எண்களை இனம் காண்பதில் குறை இருக்கலாம்."

டீச்சர் மனசுக்குள் பெருக்கிப் பார்த்தார். நூற்று நாற்பது. பதினான்கு நாள், நாளுக்குப் பத்து. துடைத்ததெல்லாம் எங்கேயோ ஓரிடத்தில் துடைக்கப்படாமல் உட்கார்ந்திருந்திருக்கிறது, அதுவும் ஒரு குழந்தையின் பேரில்.

வாயைத் திறந்தார். அதற்குள் தலைமையாசிரியை மற்ற எண்களை மளமளவென்று படித்து முடித்து, தாளை நாலாய் மடித்துப் பையில் திணித்துக்கொண்டார். நாத்தனார் தரையில் எதையோ தொலைத்தவள் போலக் குனிந்திருந்தாள். ஐந்தாம் வகுப்பு வாத்தியாருக்கு இருமல் வந்து நிற்காமல் போயிற்று. மணி அடித்துவிட்டது. திறந்த வாயை டீச்சர் மூடிக்கொண்டார்.

மறுநாள் காலை முதல் பாடம் நடக்கும்போது வகுப்பு வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். பதினேழாம் எண்ணின் அம்மா. ரொட்டித் தொழிற்கூடத்தில் வேலை. விடியும் முன்பே மாவு பிசையப் போய், பத்து மணிக்குக் கொஞ்சம் ஓய்வு. மேலங்கியைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தார். புருவத்தில் மாவு ஒட்டியிருந்தது.

"டீச்சர், ஒரு நிமிஷம். லெட்டர் வந்துச்சு."

"தெரியும்மா."

"அந்த ஸ்கூலுக்கு ரெண்டு பஸ் மாறணும். நான் வேலைக்குக் கிளம்புற நேரத்துக்கு பஸ்ஸே கிடையாது. இங்கன்னா பக்கத்து வீட்டுப் பசங்களோட நடந்து வந்துடுவா. அங்க எப்படி அனுப்புவேன்? ஆனா அதுகூட ஏதாவது பண்ணிக்கலாம். கணக்கே தெரியலன்னு எழுதியிருக்காங்களே, அதான் டீச்சர் தாங்கல. கடையில சில்லறை எண்ணி வாங்குறவ அவ."

டீச்சர் கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டார்.

"நேத்து கேட்டேன். ஏண்டி இவ்ளோ தப்பு போட்டன்னு. நான் கணக்கே போடலம்மா, கலர்தான் அடிச்சேன்னு சாதிக்கிறா. தப்பு பண்ணதும் இல்லாம பொய் வேறயான்னு எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். வீங்கின தாடையோட இருக்கற பிள்ள தலைல நறுக்குன்னு ஒரு குட்டு வச்சுட்டேன்." அந்த அம்மாவின் குரல் உடைந்தது. "நாங்க பணங்காசு இல்லாதவங்கதான் டீச்சர். ஆனா எங்க வீட்டுல யாரும் பொய் சொல்ல மாட்டாங்க. எங்க கத்துக்கிட்டா இத?"

சொல் தொண்டை வரை வந்துவிட்டது. பின்னால் இருபத்தொன்பது ஜோடிக் கண்கள். முன் பெஞ்சு எழுந்து நின்றே கேட்டுக்கொண்டிருந்தது.

"வெள்ளிக்கிழமை வாங்கம்மா. பேசிக்கலாம்" என்றார் டீச்சர். அந்த மூன்று சொல்லும் அவர் வாய்க்கே கசந்தன.

அன்று சாயங்காலம் நாலு மணிக்கே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். நாத்தனாரும் வாசலில் தயாராக நின்றாள். பேச்சில்லாமல் நாத்தனார் நடந்தது அந்தத் தெருவுக்கே புதிது.

டீச்சர்தான் சொல்லத் தொடங்கினார். ஆமை, ஈரப் பஞ்சு, நூற்று நாற்பது, மாவு ஒட்டிய புருவம், நறுக்கென்று வைத்த குட்டு, எல்லாவற்றையும் கொட்டினார். நாத்தனார் சிரிப்பாள், குத்திக் காட்டுவாள் என்று எதிர்பார்த்திருந்தார். அவள் முகம் வெளிறிப் போயிருந்தது.

"வாயத் திறக்காதீங்க அண்ணி."

"என்னடி சொல்ற?"

"மிஷின் தப்புன்னு சொல்லிடலாம். நீங்களே பொண்ண மறுபடி டெஸ்ட் வைக்கணும்னு கேளுங்க. அவ நல்லாப் போட்டுடுவா. மிஷின் கோளாறுன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க. யாருக்கும் நஷ்டம் இல்ல."

"வாயில்லாத மிஷின் மேல பழியப் போடறதா?"

"மிஷினுக்கு மானமா போயிடப் போகுது? நமக்குப் போகும். நீங்க யோசிங்க. கணக்கு வீட்டுப் பொண்ணு மூணாம் வகுப்புக் கணக்குல ஃபெயில்னு நாளைக்கு முடிதிருத்தற கடைல பேசுவாங்க. உங்கப்பா காதுல விழுந்தா? எண்பத்து நாலு வயசு அவருக்கு."

நாத்தனார் சொன்னதில் அறிவு இருந்தது, அதுதான் தொல்லை. மிஷின் தப்பு என்றால் குழந்தையும் தப்பிப்பாள், டீச்சரும் தப்பிப்பார். ஆனால் நான் கணக்கே போடவில்லை என்று அந்தப் பெண் சொன்னது உண்மை என்று யார் சொல்வது? மிஷின் கோளாறு என்று எழுதினாலும், நூற்று நாற்பது கணக்கு போட்டும் போடவில்லை என்று சாதித்தவள் என்ற பேர் அவள் அம்மாவின் மனசில் அப்படியே தங்கிவிடும். மானம் என்பது கணக்கு வீட்டுக்கு மட்டும் எழுதிக் கொடுத்த சொத்தா என்ன?

வீட்டுக்குள் நுழைந்தபோது பெரிய சார் செய்தித்தாளின் எண் புதிரைப் பேனாவால் நிரப்பிக்கொண்டிருந்தார். பென்சில் எடுப்பது அவருக்குப் பழக்கமில்லை.

"பள்ளிக்கூடத்துல என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்லப்பா."

பெரிய சார் நிமிர்ந்து மகளைப் பார்த்தார். மறுபடி கட்டத்தில் பேனாவை வைத்தார். ஐம்பத்து நாலு வயதில் அப்பாவிடம் சொன்ன பொய் டீச்சரின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அன்று சோறு இறங்கவில்லை. தட்டில் போட்டதை அப்படியே மூடி வைத்தார்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணி. தலைமையாசிரியையின் அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் தலைமையாசிரியையும் அந்த இளம் அதிகாரியும். சுவரோரம் பட்டியலில் இருந்த பிள்ளைகளின் வகுப்பு ஆசிரியர்கள் வரிசையாக நின்றார்கள்: நாத்தனார், ஐந்தாம் வகுப்பு வாத்தியார், கணக்கு டீச்சர். மேசைக்கு இந்தப் பக்கம் அந்த அம்மாவும் மகளும். வீக்கம் வடிந்து அன்றுதான் முதல் நாள் பள்ளிக்கு வந்திருந்தாள். அம்மாவின் சேலைத் தலைப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மேசைமேல் இருந்த காகிதத்தை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். பட்டியலில் முதல் பேர் அவளுடையது.

அதிகாரி கெட்டவர் அல்ல. மிகவும் பரிவாகத்தான் பேசினார். "பயப்படாதீங்கம்மா. இது தண்டனை இல்ல. உங்க பொண்ணோட நல்லதுக்குத்தான். இங்க ஒரு கையெழுத்து, அடுத்த பக்கத்துல ஒரு கையெழுத்து."

அந்த அம்மா பேனாவை எடுத்தார்.

"நான் போடலம்மா" என்றாள் மகள், மெல்ல. "சத்தியமா நான் போடல."

"வாய மூடு" என்று அம்மா சொன்னார். கண் கலங்கியிருந்தது. "பெரியவங்க முன்னாடி பொய் பேசாத."

"அவ பொய் பேசல" என்றார் கணக்கு டீச்சர்.

எல்லாரும் திரும்பினார்கள். சுவரை விட்டு ஓர் அடி முன்னால் வந்து நின்றார். கைகள் இரண்டையும் பக்கவாட்டில் நேராக வைத்துக்கொண்டார். பள்ளிக்கூடத்து மாணவி ஒப்பிக்க நிற்கும் பாணியில்.

"அந்த நூத்தி நாப்பது கணக்கும் நான் போட்டது. எனக்கு டேப் பழக்கமில்ல. விரல் நிக்கல. இவ லீவுல இருந்தா, ஆமை சும்மா இருந்துச்சு, அதத் தொட்டுப் பழகினேன். அணைச்சா அழிஞ்சு போயிடும்னு நெனச்சேன். நூத்திப் பன்னண்டு தப்பும் என்னோடது. இந்தப் பொண்ணு டேப்புல ஒரு கணக்குகூட இன்னும் போடல."

அதிகாரி தம் டேப்பைத் தட்டினார். பின்னும் தட்டினார்.

"எல்லாம் சாயங்காலம் நாலு மணிக்கு மேல போட்டது" என்றார், தமக்குத் தாமே. பிறகு தலையைத் தூக்கி, "டீச்சர், நீங்க கணக்கு டீச்சர்தானே?"

"ஆமா" என்றார் டீச்சர். அந்த ஒரு சொல்லைச் சொல்லத்தான் அவருக்கு எல்லாவற்றையும்விட அதிக தைரியம் வேண்டியிருந்தது.

பின்னாலிருந்து ஒரு கனைப்பு. நாத்தனார்.

"அது வந்து சார்... ரெண்டாம் வகுப்புல குடைன்னு ஒண்ணு பட்டியல்ல இருக்கு பாருங்க."

"இருக்கு."

"அந்தப் பையன் அத்தை கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தான். அந்தக் குடை நான்தான்."

டீச்சர் நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தார். "நிறைய ஜன்னலா?" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"சும்மா இருங்க அண்ணி. நானே வெட்கத்துல செத்துட்டு இருக்கேன்."

ஐந்தாம் வகுப்பு வாத்தியாருக்கு மறுபடி இருமல் வந்தது. இந்தத் தடவை எல்லாரும் அவர் இருமி முடிக்கும்வரை காத்திருந்தார்கள். "மத்தளம்" என்றார் அவர் கடைசியில், கூரையைப் பார்த்து. "கால் ஒடிஞ்ச பையனோடது. பின்னம் வர்ற எடத்துல கொஞ்சம் தடுமாறிட்டேன். விரல்தான் தடுமாறிச்சு. பின்னம் எனக்கு நல்லாவே தெரியும்."

அதிகாரி நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "மேடம், உங்க ஸ்கூல்ல என்ன நடக்குது?" என்று தலைமையாசிரியையிடம் திரும்பினார்.

தலைமையாசிரியை முதல் வகுப்பையும் தாமே பார்த்துக்கொள்கிறவர். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

"யானை" என்றார்.

முதலில் சிரித்தது அந்த அம்மாதான். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். பிறகு மகளை இழுத்து, நேற்று முன்தினம் குட்டிய இடத்தைத் தேடி அங்கே உள்ளங்கையை வைத்துத் தேய்த்தார்.

"தப்புடி கண்ணு. அம்மா மேலதான் தப்பு. நீ சொன்னது நெசம்."

டீச்சர் அந்தப் பெண்ணின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தார். ஐம்பத்து நாலு வயது முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன. "உன்கிட்ட கேக்காம உன் ஆமைய எடுத்துட்டேன். என்னால உனக்குத் திட்டு, குட்டு எல்லாம் விழுந்துச்சு. மன்னிச்சுக்கோம்மா."

அந்தப் பெண் பிடித்திருந்த சேலைத் தலைப்பை விட்டாள்.

"டீச்சர், நான் வேற படம் எடுத்துக்கலாமா?"

"ஏன், ஆமை பிடிக்கலயா?"

"அது தப்புத் தப்பாப் போடுது."

அதிகாரியும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். பட்டியலின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டார். ஏழு பேரில் நாலு பேர் வாத்தியார்கள் என்று தெரிந்த பிறகு, மீதி மூன்று பிள்ளைகளையும் அந்தக் காகிதத்தை நம்பி அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. அவர்களை ஒவ்வொருவராக உட்கார வைத்து, நேரில் பேசிப் பார்த்துத்தான் எதையும் முடிவு செய்வது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆமைக்கணக்கு அத்தனையையும் அழித்துவிடட்டுமா என்று டீச்சரைக் கேட்டார்.

"அழிக்காதீங்க" என்றார் டீச்சர். "என் பேருக்கு மாத்துங்க. நான் போட்டது என் பேர்ல இருக்கட்டும்."

"உங்க இஷ்டம். இன்னொண்ணு. அன்னைக்கு சந்தேகம் இருக்கான்னு கேட்டேனே, ஒருத்தராவது கேட்டிருக்கலாமே? வாத்தியார் பழகறதுக்குன்னு தனியா ஒரு படம் எல்லா டேப்லயும் இருக்கு. மூலையில. பல்பு படம்."

நாலு பேரும் ஒரே நேரத்தில் மேசைமேல் இருந்த டேப்பின் மூலையைக் குனிந்து பார்த்தார்கள். பல்பு இருந்தது.

பதினேழாம் எண் அன்றைக்கே மூன்றாம் பெஞ்சில் தன் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தாள். புதிதாகக் கப்பல் படம் எடுத்துக்கொண்டாள். பத்துக் கணக்கில் ஒன்பது பச்சை. அந்த ஒரு சிவப்பும் அவசரத்தில் வந்தது என்று டீச்சருக்குத் தெரிந்தது. இது என்னுடையது, என்னுடையதே என்பது போல அந்தச் சிவப்பைக்கூட அவள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் பார்த்தாள்.

சாயங்காலம் வீடு வந்தபோது டீச்சர் செருப்பைக் கழற்றும் முன்பே சொல்ல ஆரம்பித்தார். "அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்ல வேண்டாம். பேப்பர் போடறவன் மூணு மணிக்கே சொல்லிட்டான்."

"என்ன சொன்னான்?"

"உங்க பொண்ணு மூணாம் வகுப்புல ஃபெயிலாமே சார்னு கேட்டான்."

டீச்சர் குனிந்து செருப்பின் வாரை அவிழ்த்தார். தலையை நிமிர்த்த முடியவில்லை.

"அது யார் வாயால வெளிய வந்துச்சு?" என்று கேட்டார் பெரிய சார்.

"என் வாயாலதாம்பா."

"யாராவது கண்டுபிடிச்சு, அப்புறம் ஒத்துக்கிட்டியா?"

"இல்லப்பா. கேக்கறதுக்கு முன்னாடியே நானா சொல்லிட்டேன்."

"அப்போ சரி" என்றார் பெரிய சார். அந்த வீட்டில் அதைவிடப் பெரிய பாராட்டு யாரும் யாருக்கும் கொடுத்ததில்லை. அவர் செய்தித்தாளை மடித்தார். "மொத்தம் எத்தனை கணக்கு?"

"நூத்தி நாப்பது."

"தப்பு?"

"நூத்திப் பன்னண்டு."

பெரிய சாரின் கண் ஒரு கணம் மூடித் திறந்தது. "அஞ்சுல ஒண்ணு சரி."

"ஆமாப்பா."

வாசற்கதவு தடாலென்று திறந்தது. நாத்தனார் மூச்சிரைக்க உள்ளே வந்தாள். பயமெல்லாம் எங்கே போயிற்றோ, முகம் பளிச்சென்று இருந்தது.

"அண்ணி! அந்த சார்கிட்ட என் கணக்கையும் கேட்டு வாங்கிட்டேன். தொண்ணூறுல முப்பது சரி! நான் உங்களவிட மேல!"

"மூணுல ஒண்ணா?" பெரிய சார் மகளைப் பார்த்த பார்வையில் அத்தனை நேரமும் இல்லாத ஒரு வேதனை தெரிந்தது. "அவ உன்னைவிட மேலயா?"

"அது ரெண்டாம் வகுப்புக் கணக்குப்பா!" என்று டீச்சர் கத்தினார். "கூட்டல்! வெறும் கூட்டல்! எனக்கு வகுத்தல்!"

"தோத்தவங்க எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க" என்றாள் நாத்தனார், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு.

டீச்சர் பதில் சொல்ல வாயெடுத்தார், சிரிப்புதான் வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்டும்வரை சிரித்தார். சிரித்து ஓய்ந்தபோதுதான் தமக்கு நல்ல பசி என்று தெரிந்தது. அடுப்படிக்குப் போய் மூன்று தட்டுகளை எடுத்து வைத்தார்.